ஒரு வருடம் போனால் போகட்டுமா?

(லிட்டில் இந்தியாவில் பெற்றோர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத வாசகர்களுக்காக இங்கே தரப்படுகிறது. பேச்சின் போக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் ரோட்டைக் கடந்து இந்த இடத்துக்கு வந்து சேர்வதே ஒரு தேர்வுதான். தேக்காவில் காய்கறி வாங்கிய பையோடு சிலர் வந்திருக்கிறீர்கள். முருங்கைக்காய் பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. எனவே நீண்ட நேரம் பிடித்து வைக்கப்போவதில்லை.

இன்று பேச வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. நினைத்த கல்லூரி, நினைத்த படிப்பு கிடைக்காது போலிருக்கிறது. அதே வகுப்பை, அதே தேர்வை இன்னொரு முறை எழுத விடலாமா, அல்லது கிடைத்ததை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாமா?

நம் வீடுகளில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. 'ரீட்டெய்ன்'. "அவங்க பையன ரீட்டெய்ன் பண்ணிட்டாங்களாம்" என்று கோப்பிக்கடையில் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம். யாருக்கோ ஏதோ நோய் வந்துவிட்டதைப் போல. பள்ளி பிடித்து வைப்பது ஒன்று, நாமே யோசித்து இன்னொரு வருடம் எடுத்துக்கொள்வது வேறொன்று. நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல, என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அண்ணன் 1971-இல் பிறந்தவர். நான் 1974. அவருக்கும் எனக்கும் மூன்று வயது வித்தியாசம். ஆனால் நாங்கள் இருவரும் சாதாரண நிலைத் தேர்வை, அதாவது 'ஓ' நிலையை, ஒரே ஆண்டில் எழுதினோம். 1990-இல். அவர் எந்த வகுப்பிலும் தோற்கவில்லை. ஒருமுறைகூட 'ரீட்டெய்ன்' ஆகவில்லை. பிறகு எப்படி என்று கேட்பீர்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது புரியும். 1979-இல் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது. அதன்படி தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஆறு ஆண்டுகளில் தொடக்கப்பள்ளியை முடிக்கும். இன்னொரு பிரிவுக்கு எட்டு ஆண்டுகள். மூன்றாவது பிரிவு ஒரே மொழியில் எட்டு ஆண்டுகள் படித்து, உயர்நிலைப் பள்ளிக்குப் போகாமல் தொழிற்பயிற்சிக்குப் போகும். பிள்ளையின் வயது ஒன்பது. அந்த வயதில் என் அண்ணனை எட்டாண்டுப் பிரிவில் போட்டார்கள். உயர்நிலையில் மறுபடியும் வழக்கநிலைப் பிரிவு, அங்கே நான்குக்குப் பதில் ஐந்து ஆண்டுகள். ஆக, யாரும் அவரைத் 'தோல்வி' என்று சொல்லாமலேயே மூன்று ஆண்டுகள் கூடிவிட்டன.

அந்த மூன்று ஆண்டுகளை அவரும் கேட்கவில்லை, எங்கள் அப்பாவும் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது அவருடைய பெயர் மட்டும்தான்.

1991 தொடக்கத்தில் முடிவுகள் வந்தன. அண்ணனுக்கு ஆங்கிலத்திலும் கணக்கிலும் போதவில்லை. இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன் என்று கேட்டார். அப்பா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "வயசு இருபது ஆகப்போவுது. இன்னும் எத்தன வருஷம்டா வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுத் திரிவ?" அவ்வளவுதான். அண்ணன் தேசிய சேவைக்குப் போனார்.

அடுத்து நான். தொடக்கக் கல்லூரியில் சேர்ந்தேன். 1992-இல் மேல்நிலைத் தேர்வு எழுதினேன். அந்த ஆண்டு நடுவில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஆறு மாதம் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். மதிப்பெண் விழுந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போதாது. நான் இன்னொரு வருடம் கேட்டபோது அதே அப்பா, "எழுதும்மா" என்றார். 1993-இல் மறுபடியும் எழுதினேன், இடம் கிடைத்தது.

ஒரே வீடு. ஒரே அப்பா. ஒருவருக்கு மறுத்த வருடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தார். நான் கெட்டிக்காரி, அவர் மந்தம் என்று ஊரும் பள்ளியும் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டிருந்தன. அப்பா அதை வாசித்தார், அவ்வளவுதான். அண்ணனுக்கு வேண்டியிருந்தது அவராகத் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு வருடம். அதற்கு முன்பே அவரிடம் மூன்று வருடங்களை எடுத்துக்கொண்டு விட்டதால், அந்த ஒன்று கணக்கில் மிகையாகத் தெரிந்தது. இன்று இந்த மேடையில் நான் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

தோழர்களே, நம்மைப் போன்ற சிறுபான்மைச் சமூகத்துக்கு இது பழைய அனுபவம். ஜொகூர் பாலத்துக்கு அப்பால் பாருங்கள். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் உயர்நிலைக்குப் போகுமுன் 'புகுமுக வகுப்பு' என்று ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், மலாய் மொழியில் தேவையான மதிப்பெண் எடுத்தவர்கள்தான் நேரே முதல் படிவத்துக்குப் போனார்கள். பள்ளி தமிழில், மேற்படிப்பு வேறு மொழியில் என்றால் இடையில் ஒரு வருடத்தைப் பிள்ளைதான் கட்டணமாகக் கட்ட வேண்டும். இங்கே நம் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்படும்வரை அதில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழில் பள்ளியை முடித்துவிட்டு ஆங்கிலத்தில் பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்ப்பது என்றால் என்னவென்று அவர்கள் சொல்வார்கள். அதனால்தான் 'ஒரு வருடம் கூடுதல்' என்றாலே நம்மவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு கசப்பு. திணிக்கப்பட்ட வருடங்களின் கசப்பு அது. அந்தக் கசப்பை வைத்துக்கொண்டு, பிள்ளை தானாகக் கேட்கும் வருடத்தை மறுத்துவிடாதீர்கள்.

அதே சமயம், கேட்ட உடனே கொடுத்துவிடவும் வேண்டாம். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

நான் மறுபடியும் எழுதியபோது மதிப்பெண் கூடியதற்கு நான் அதிகம் உழைத்தது மட்டும் காரணமல்ல. முதல் முறை என்னைக் கீழே இழுத்த காரணம், அப்பாவின் நோய், இரண்டாம் முறை இல்லை. பாடம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது, நேரம்தான் இல்லாமல் போயிருந்தது. ஆகவே மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது: எதனால் குறைந்தது? நோயா, வீட்டில் சண்டையா, வேலைக்குப் போனதா, கடைசி மூன்று மாதம் மட்டும் படித்ததா, அல்லது இரண்டு ஆண்டுகளாகவே வகுப்பில் நடப்பது புரியவில்லையா? காரணம் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்குமென்றால், மதிப்பெண்ணும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதே அறை, அதே மேசை, அதே துணைப்பாட ஆசிரியர், அதே கைபேசி. வருடத்தின் எண் மட்டும் மாறியிருக்கும்.

ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "அக்கா, அவன் இனிமே ஒழுங்காப் படிக்கிறேன்னு சத்தியம் பண்ணிட்டான்." நான் கேட்டேன்: "எந்தப் பாடத்துல, எந்த அத்தியாயம் புரியலன்னு சொன்னானா?" சொல்லவில்லை. சத்தியம் செய்வது எளிது. வேதியியலில் மோல் கணக்கு வரவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் கடினம். அதை ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு நான் தயங்காமல் ஒரு வருடம் கொடுப்பேன்.

அடுத்தது, அந்த ஒரு வருடம் எந்தக் கதவைத் திறக்கப்போகிறது? இன்றில்லாத ஒரு கதவையா, அல்லது ஏற்கெனவே திறந்திருக்கும் கதவுக்குப் புதுச் சாயம் பூசப்போகிறதா?

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். 'ஓ' நிலையில் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போதுமான மதிப்பெண் இருக்கிறது, பிள்ளை விரும்பும் துறையிலும் இடம் இருக்கிறது. ஆனாலும் பெற்றோர், "மார்க் அழகா இல்ல, பின்னாடி யூனிவர்சிட்டில பாப்பாங்க" என்று திரும்ப எழுதச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது நியாயமான பயம். பட்டயதாரிகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் 'ஓ' நிலை மதிப்பெண்ணையும் ஒரு பங்கு சேர்த்துப் பார்த்தார்கள். 2020 சேர்க்கையிலிருந்து அது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அரசு ஆதரவுபெற்ற பல்கலைக்கழகங்கள் பட்டயத்தில் எடுத்த மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன. ஆகவே அந்த வருடம் வீண். அந்த உழைப்பைத் தொழிற்கல்லூரியின் முதல் பருவத்தில் போட்டால் அதற்கு மதிப்பு உண்டு.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் பெயரைச் சொன்னால் இன்னும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறீர்கள். ஐ.டி.ஈ. என்ற மூன்று எழுத்துக்கு 'எல்லாம் முடிந்தது' என்று கேலியாக விரிவுரை சொன்ன காலம் உண்டு. அந்தக் கேலியைச் சீன வீடுகளிலும் மலாய் வீடுகளிலும் சொன்னார்கள், நம் வீடுகளிலும் சொன்னோம். 2022-இலிருந்து அங்கே உயர் நைட்டெக் சான்றிதழை மூன்றே ஆண்டுகளில் பெறும்படி படிப்பை மாற்றத் தொடங்கினார்கள். அதற்கு முன் நைட்டெக், பிறகு உயர் நைட்டெக் என்று நான்கு ஆண்டுகள் ஆகும். அங்கிருந்து பட்டயத்துக்குப் போகும் முப்பது வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரர்களுக்கு 5,000 வெள்ளியும், பட்டயம் பெற்றதும் மத்திய சேமநிதிக் கணக்கில் 10,000 வெள்ளியும் போடும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. இதைச் சொல்வது, எல்லாரும் அங்கே போங்கள் என்பதற்காக அல்ல. 'அங்கே போவதைவிட ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும்' என்று வெட்கத்துக்காக முடிவெடுக்காதீர்கள் என்பதற்காக.

மாறாக, மருத்துவமோ சட்டமோ போன்ற ஒரே கதவு, அதற்கு மிக உயர்ந்த மதிப்பெண் வேண்டும், பிள்ளை இரண்டு தரம் குறைவாக நிற்கிறாள் என்றால் நிலைமை வேறு. அங்கே ஒரு வருடத்துக்கு விலை இருக்கிறது. ஆனால் ஒரு செய்தி. பல்கலைக்கழகச் சேர்க்கைக் கணக்கே மாறிவிட்டது. முன்பு மேல்நிலை மாணவர்களுக்கு அதிகபட்சம் 90 புள்ளிகள். 2026 சேர்க்கையிலிருந்து 70. மூன்று எச்2 பாடங்களும் பொதுத்தாளும்தான் அடிப்படை. நான்காவது பாடம் உங்கள் புள்ளியைக் கூட்டினால்தான் சேரும், குறைத்தால் சேராது. ஆகவே நான்காவது பாடம் காலை வாரிவிட்டது என்று அழுதுகொண்டு மறுபடியும் எழுதப் புறப்படுமுன், புதிய கணக்கில் உங்கள் நிலை என்னவென்று அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். அண்டை வீட்டு மாமாவிடம் கேட்காதீர்கள். அவர் பழைய 90-லேயே இருப்பார்.

உயர்நிலை மாணவர்களின் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2024-இலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் உயர்நிலை ஒன்றில் சேருவோருக்கு இல்லை. ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குப் பாடம் நிலை மாறும். 2027-இல் 'ஓ' நிலை, 'என்' நிலை இரண்டும் போய், சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் என்ற ஒரே தேர்வு. 2028 சேர்க்கையிலிருந்து தொடக்கக் கல்லூரிக்கு ஆறு பாடங்களுக்குப் பதிலாக ஐந்து பாடங்களின் கூட்டு. அதாவது, பழைய தேர்வின் கடைசி அணியில் எழுதிய பிள்ளை மறுபடியும் எழுத உட்கார்ந்தால், அது 'அதே தேர்வு' இல்லை. அண்ணன் புத்தகத்தைத் தம்பி படிப்பது போல நினைத்துவிட வேண்டாம். பாடத்திட்டம், சேர்க்கை விதி இரண்டையும் பள்ளியில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது ஊரிலிருந்து அண்மையில் வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு 'நீட்'டுக்காக ஒரு வருடம், இரண்டு வருடம் பயிற்சி நிலையத்தில் இருப்பது இன்று சாதாரணம். அந்தப் பழக்கத்தில், "இங்கயும் ஒரு வருஷம் டிராப் பண்ணலாம்" என்கிறீர்கள். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளி திரும்பச் சேர்த்துக்கொள்வது பள்ளியின் முடிவு. சேர்த்துக்கொள்ளாவிட்டால் தனித்தேர்வராக எழுத வேண்டும். தனித்தேர்வர் என்றால் மணி அடிக்க ஆளில்லை, ஆய்வுக்கூடம் இல்லை, அறிவியல் செய்முறைக்குத் தனி நிபந்தனைகள், எல்லாவற்றுக்கும் கைக்காசு. மாணவர் அனுமதி அட்டையில் இருக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் இல்லையென்றால் அனுமதியே கேள்விக்குறியாகிவிடும். ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை இருக்கிறது. சேவையை ஒத்திவைக்க வயது வரம்பு உண்டு. அதைத் தேசிய சேவை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யாமல் எந்தத் திட்டமும் போடாதீர்கள். சேவையில் இருந்துகொண்டே தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை மறுபடியும் எழுதிப் பல்கலைக்கழகம் போன பையன்கள் உண்டு. அவர்களுக்குக் காலண்டரில் வருடமே 'வீணாகவில்லை'. ஆனால் முகாமிலிருந்து வந்து இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பது எல்லாராலும் ஆகிற காரியமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. பள்ளியே "இவன் இன்னொரு வருடம் இருக்கட்டும்" என்றோ, "திரும்ப எழுத வேண்டாம், வேறு இடம் பாருங்கள்" என்றோ சொன்னால், தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை. எந்தப் பாடத்தில், எந்த அடிப்படையில், வேறு வழி என்ன என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் கூடவே ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், இங்கே அதற்குத் தொண்டர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்கும் பெற்றோருக்குக் கிடைக்கும் விளக்கம், கேட்காத பெற்றோருக்குக் கிடைப்பதில்லை. என் அப்பா கேட்கவில்லை. அவருக்குக் கேட்கலாம் என்றே தெரியாது.

உதவிக்கு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. நம் பிள்ளைகளின் தேர்ச்சி பின்தங்கியிருக்கிறது என்ற கவலையில்தான் 1991-இல் சிண்டா தொடங்கப்பட்டது. பீட்டி ரோட்டில் இருக்கிறது, இங்கிருந்து நடந்தே போகலாம். உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை அதற்குப் போகிறது. சம்பளச் சீட்டைப் பாருங்கள். பணம் கட்டுகிறோம், ஆனால் வாசலை மிதிக்க வெட்கப்படுகிறோம். துணைப்பாட வகுப்பு கேட்பது பிச்சை கேட்பதல்ல, உங்கள் காசுதான் அது.

வெட்கம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'ஓ' நிலையில் தாய்மொழிப் பாடத்தை ஒரே ஆண்டில் இருமுறை எழுதும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருந்தது. ஆண்டு நடுவில் ஒருமுறை, திருப்தியில்லை என்றால் இறுதியில் ஒருமுறை, இரண்டில் நல்லது எதுவோ அது. நம் பிள்ளைகள் தமிழை அப்படி இரண்டாம் முறை எழுதினார்கள். அதற்காக எந்த வீட்டிலும் யாரும் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. ஒரு தாளுக்குச் சரி என்றால் ஆறு தாளுக்கு மட்டும் ஏன் மானம் போகிறது?

அண்ணன் என்ன ஆனார் என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார், இடையில் சொல்லாமல் விட்டுவிட்டேன். சேவை முடித்து, லிஃப்ட் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டே 1994-இல் மாலை வகுப்பில் சேர்ந்து, ஆங்கிலத்தையும் கணக்கையும் தனித்தேர்வராக எழுதித் தேறினார். அப்போது அவருக்கு 23 வயது. தேர்வு மண்டபத்தில் கண்காணிப்பாளர் அவரைப் பார்த்து, "பெற்றோர் வெளியே இருக்க வேண்டும்" என்றாராம். அதை இன்றும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பிறகு பகுதிநேரமாகப் பட்டயம் முடித்தார். இன்று நீங்கள் ஏறி இறங்கும் ஏதோ ஒரு வீவக புளோக்கின் லிஃப்டை அவர் குழு பார்த்துக்கொள்கிறது. 1991-இலேயே அந்த வருடம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "அப்ப எழுதியிருந்தா மறுபடியும் ஃபெயில்தான். அப்ப எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்துச்சு" என்றார். அது உண்மையா, எனக்கு வருத்தம் வேண்டாம் என்பதற்காகச் சொன்னாரா, தெரியாது.

நேரம் ஆகிவிட்டது. தேர்வு முடிவு வந்ததும் விண்ணப்பிக்கச் சில நாள்கள்தான் கொடுப்பார்கள். அந்தச் சில நாளில் அழுது, சண்டை போட்டு, உறவினருக்குப் பதில் சொல்லி, முடிவும் எடுக்க முடியாது. ஆகவே முடிவு வருமுன்பே, இந்த மதிப்பெண் வந்தால் இது, அந்த மதிப்பெண் வந்தால் அது என்று பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். தொண்டர்கள் பின்பக்க மேசையில் இருக்கிறார்கள். மதிப்பெண் தாளோடு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். போன முறை நான்கு பெற்றோர் வந்தார்கள், நான்கு தாள்கள் வந்தன, ஒரு பிள்ளைகூட வரவில்லை. இம்முறை தாள் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம்.